இது யாருடைய உருவம்?

செசாருக்கு வரி கொடுப்பது நியாயமோ என்று கேட்டு ஆண்டவரைச் சிக்க வைக்க வந்தவர்களிடம், அவர் ஒரு நாணயத்தைக் காட்டச் சொன்னார். அதிலுள்ள உருவமும் எழுத்தும் யாருடையவை என்று அவர்களையே கேட்டார். பழைய நாணயங்களை ஆராயும் அறிஞர்கள் முதலில் கேட்கும் கேள்வியும் அதுவே. ஆனால் ஏலப் பட்டியல் எழுதுகிறவர்களில் சிலர் அதைக் கேட்காமலே காசுக்குப் பெயர் சூட்டிவிடுகிறார்கள். சுவிசேஷத்தோடு சம்பந்தமுள்ள காசு என்றால் விலை ஏறும் அல்லவா? பிள்ளையின் முதல் நன்மைக்குப் பரிசளிக்க ஆசையோடு வாங்கும் குடும்பம் ஏமாந்துபோகிறது. மூன்று உதாரணங்களைக் கவனிப்போம்.

1. வரிக்காசு. உரோமையரின் வெள்ளிக்காசுக்குத் தெனாரியுஸ் என்று பெயர். ஆண்டவர் போதித்த காலத்தில் அரசாண்டவன் திபேரியுஸ் (கி.பி. 14–37). அவனுடைய காசின் முன்புறத்தில் அவன் தலையும், சுற்றிலும் "தெய்வீக அவுகுஸ்துவின் மகன் திபேரியுஸ் செசார் அவுகுஸ்துஸ்" என்று பொருள்படும் இலத்தீன் எழுத்தும் இருக்கும். "அவுகுஸ்துஸ்" என்ற சொல்லை மாத்திரம் கண்டு, இது ஆண்டவர் பிறந்த காலத்து அகுஸ்து செசாரின் காசு என்று எழுதிவிடுகிறார்கள். "செசார்" என்பதைக் கண்டு யூலியுஸ் செசார் என்பாருமுண்டு. இவ்விரண்டும் பின்வந்த சக்கரவர்த்திகள் தரித்துக்கொண்ட பட்டங்கள். இந்தக் காசில் ஆளைக் காட்டுவது, திபேரியுஸ் என்பதன் சுருக்கமாக முதலில் நிற்கும் இரண்டு எழுத்துக்களே. மேலும், ஆண்டவருக்குக் காட்டியது இந்த வகைதான் என்று சுவிசேஷம் சொல்லவில்லை. அது அறிஞரின் ஊகம். இவ்வகைக் காசுகள் நம் கோயம்புத்தூர்ப் பகுதிப் புதையல்களிலும் கிடைத்திருக்கின்றன.

2. கைம்பெண்ணின் காசு. ஏழைக் கைம்பெண் காணிக்கையிட்ட உரோமைக் காசு என்று சிறு செப்புக்காசுகளை விற்கிறார்கள். அவற்றுள் பல உரோமையருடையவையே அல்ல. ஒருபுறம் நங்கூரமும் மறுபுறம் நட்சத்திரமும் இருந்தால், அது கி.மு. 103 முதல் 76 வரை யூதேயாவை ஆண்ட யூத அரசன் அலெக்சாண்டர் யன்னேயுஸ் அடித்தது. ஆண்டவர் காலத்திலும் அது புழங்கியிருக்கலாம். அதற்குமேல் சொல்ல ஆதாரமில்லை. பிலாத்து கி.பி. 29 முதல் 31 வரை அடித்த காசுகளையும் இதே பெயரால் விற்பதுண்டு. அவற்றில் கிரேக்க எழுத்தில் இருப்பது திபேரியுஸ் செசாரின் பெயர். பிலாத்துவின் பெயர் எதிலும் இல்லை.

3. கொன்ஸ்தந்தீன் காசு. இரு போர்வீரரும் நடுவில் கொடியும் உள்ள செப்புக்காசுகள் கி.பி. 330 முதல் ஏராளமாய் அடிக்கப்பட்டன. எல்லாவற்றையும் அர்ச். எலேனம்மாளின் மகனாகிய பெரிய கொன்ஸ்தந்தீன் காசு என்கிறார்கள். அவருடைய குமாரருக்கும் ஏறக்குறைய அதே பெயர்கள்தான். "கொன்ஸ்தந்தீனுஸ்" என்பதில் ஒரு னகர எழுத்து குறைந்து "கொன்ஸ்தந்தியுஸ்" என்றிருந்தால், அவர் மகன். பெயருக்குப்பின் "இளையவர்" என்பதன் சுருக்கம் வந்தால், தகப்பன் பெயரையே கொண்ட மற்றொரு மகன். "மிகப் பெரியவர்" என்பதன் சுருக்கம் வந்தால், பெரும்பாலும் தகப்பனார்.

இந்தத் தவறெல்லாம் வஞ்சகம் என்று சொல்லலாகாது. தேய்ந்த காசைத் தப்பாய் வாசிப்பது அறிஞருக்கும் நேரிடும். ஆனால் வாசிக்காததை வாசித்ததுபோலும், ஊகத்தை நிச்சயம்போலும் எழுதி அதிக விலை வாங்குவது எட்டாம் கற்பனைக்கும் ஏழாம் கற்பனைக்கும் விரோதம். வாங்குகிறவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. இரு புறத்தின் தெளிவான படம், எடை, காசில் உள்ளபடியே எடுத்தெழுதிய எழுத்து, தவறானால் திருப்பிக் கொடுக்கலாம் என்ற எழுத்துமூலமான வாக்கு ஆகிய நான்கையும் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் விட்டுவிடுங்கள்.

நம் விசுவாசத்திற்கு ஒரு காசின் சாட்சியம் தேவையில்லை. உண்மையான சிறு காசை அதன் உண்மைப் பெயரோடு பிள்ளையின் கையில் கொடுங்கள். அதுவே நல்ல பரிசு.

வீட்டில் கேட்க:
1. "செசார்" என்ற சொல் மட்டும் ஆளைக் காட்டாதது ஏன்?
2. ஊகத்தை உண்மையென்று விற்பது எந்தக் கற்பனைகளுக்கு விரோதம்?