மறைக்காமல் சொல்லுங்கள்

மனநோய் வந்த கணவரோடும் மனைவியோடும் குடும்பம் நடத்துகிறவர்கள் விழுப்புரம் மாவட்டம் முகையூர் ஒன்றியத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறீர்கள். யாராவது கேட்டால் "உடம்பு கொஞ்சம் சரியில்லை" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறீர்கள். என் வீட்டுக்காரருக்கு மனச்சிதைவு நோய் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து சிகிச்சை, சான்றிதழ், அட்டை, உதவித்தொகை என்று எல்லாப் படியும் ஏறி, இன்றும் அவரோடு வாழ்கிறவள் நான். இந்தப் படிகளில் புதிதாகக் கால் வைக்கும் தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். மனைவிக்கு நோய் வந்து, சோறாக்கப் பழகிக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கும் இது பொருந்தும்.

1. கேட்க உங்களுக்கு உரிமை உண்டு என்று முதலில் நம்புங்கள்.

கையோ காலோ போனால்தான் ஊனம் என்று ஊர் நினைக்கிறது. சட்டம் அப்படி நினைக்கவில்லை. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளைச் சொன்னபோதே மனநோயும் அதில் இருந்தது. 2016-ஆம் ஆண்டு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அந்தப் பட்டியலை 21 ஆக்கியது. அதிலும் மனநோய் இருக்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்பு என்று சான்று கிடைத்தால் அரசின் உதவிகளைக் கேட்கலாம். "திடமாத்தானே இருக்காரு, இவருக்கு எதுக்கு அட்டை?" என்று வரிசையில் நிற்கும் யாராவது கேட்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை.

2. சிகிச்சை முந்தட்டும், சான்று பிந்தட்டும்.

மனநல டாக்டர் பார்க்காத நோய்க்குச் சான்று கிடைக்காது. நமக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது, புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் மனநல டாக்டர் குறிப்பிட்ட நாள்களில் வருகிறார். எந்த நாள் என்று பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அரசு இடங்களில் மனநோய்ச் சிகிச்சை இலவசம் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது.

மேல்மலையனூர் அமாவாசைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று மாமியார் சொன்னால் சண்டை போடாதீர்கள். போய் வாருங்கள், மாத்திரைப் பையும் கூடவே போகட்டும். ஏர்வாடி தர்காவிலேயே பிரார்த்தனையோடு சேர்த்து மருந்தும் கொடுக்கும் ஏற்பாடு இன்று இருக்கிறது. ஆனால் எந்தக் கோயிலானாலும், எந்தச் சாமியாரானாலும், சங்கிலியில் கட்ட விடாதீர்கள். அதே 2017 சட்டம் அதைத் தடை செய்கிறது.

3. எந்தச் சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள்.

ஓ.பி. சீட்டு, டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டு, உள்நோயாளியாக இருந்து திரும்பியபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்தப் பரிசோதனைத் தாள் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரு கவரில் போட்டு வையுங்கள். ஆளைப் பார்த்தால் தெரியாத நோய் இது. எத்தனை காலமாக இருக்கிறது என்பதைக் காகிதம்தான் சொல்லும். ஒவ்வொன்றையும் செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கோபம் வந்த ஒரு ராத்திரியில் அந்தக் கவரே கிழிந்து போகலாம்.

இன்னொன்று நம் பக்கத்துச் சங்கதி. பழைய ஆவணங்களில் திருக்கோவிலூர் தாலுகா என்று இருக்கும். 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது திருக்கோவிலூர் அங்கே போய்விட்டது, நாம் விழுப்புரத்தில் நின்றுவிட்டோம். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் மூன்றிலும் பெயரும் முகவரியும் ஒத்துப்போகின்றனவா என்று விண்ணப்பிக்கும் முன்பே பாருங்கள். இன்ஷியல் மாறியிருந்தாலும் திருப்பி அனுப்புவார்கள்.

4. ஒரு நோட்டுப் போடுங்கள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் 80 பக்க நோட்டு போதும். நாளைக்கு இரண்டு வரி எழுதுங்கள். "இன்று பல் விளக்கவில்லை. மூன்று முறை கூப்பிட்ட பிறகு எழுந்தார்." "இரவு தூங்கவில்லை, கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்." "வேலைக்குப் போனார், பத்து மணிக்கே திரும்பிவிட்டார்." எழுதத் தெரியாதவர்கள் படிக்கும் பிள்ளையிடம் சொல்ல வேண்டாம், அது அந்தப் பிள்ளைக்குப் பாரம். அக்கம்பக்கத்தில் நம்பிக்கையான ஒருவரை வைத்து எழுதுங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் நமக்கு வாய் அடைத்துப்போகும். அப்போது நோட்டு பேசும்.

5. நீங்கள் செய்துகொடுப்பதை அவர் செய்வதாகச் சொல்லாதீர்கள்.

மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். மனநோயின் பாதிப்பை அளக்க 'ஐடியாஸ்' என்ற அளவுகோலை வைத்திருக்கிறார்கள். தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, மனிதர்களோடு பழகுவது, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை என்று நான்கு தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், அதிகமானால் பாதிப்பு அதிகம். நோய் எவ்வளவு காலமாக நீடிக்கிறது என்பதற்கும் மதிப்பெண் சேரும். எல்லாம் கூட்டித்தான் விழுக்காடு போடுகிறார்கள்.

டாக்டர் கேட்பார்: "தினமும் குளிக்கிறாரா?" நாம் சொல்வோம்: "குளிக்கிறாருங்க." அங்கேயே போயிற்று. நடந்தது என்ன? நீங்கள் தண்ணீர் மோந்து வைத்தீர்கள். நாலு தரம் கூப்பிட்டீர்கள். கையைப் பிடித்துக் கூட்டிப்போனீர்கள். சோப்பை எடுத்துக் கையில் கொடுத்தீர்கள். தலையில் முதல் செம்பை நீங்கள் ஊற்றினீர்கள். வெளியில் வந்தவருக்கு மாற்று லுங்கியை நீங்கள் நீட்டினீர்கள். இவ்வளவும் நடந்த பிறகுதான் "குளிக்கிறாருங்க." டாக்டருக்குப் போய்ச் சேர்ந்தது அந்த ஒரு சொல் மட்டும்.

"நான் பக்கத்தில் நின்றால் குளிக்கிறார், இல்லையென்றால் ஒரு வாரம் ஆனாலும் இல்லை" என்று சொல்லுங்கள். "சாப்பிடுகிறாரா?" என்றால், தட்டில் போட்டு வைத்தால் சாப்பிடுகிறாரா, பசிக்கிறது என்று தானாகக் கேட்கிறாரா என்று பிரித்துச் சொல்லுங்கள். "வேலைக்குப் போகிறாரா?" என்றால், கரும்பு வெட்டப் போனவர் எத்தனை நாள் நின்றார், மேஸ்திரி ஏன் திருப்பி அனுப்பினார் என்று சொல்லுங்கள். கூட்டிச் சொல்லவும் வேண்டாம், குறைத்துச் சொல்லவும் வேண்டாம். நல்ல நாள்களில் எப்படி, கெட்ட நாள்களில் எப்படி, மாதத்தில் எது அதிகம் என்று சொன்னால் போதும்.

கட்டினவரைப் பற்றி இப்படியெல்லாம் சொல்வது துரோகமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஊருக்கு மறைத்து மறைத்துப் பழகிய நாக்கு இது. ஆனால் அந்த அறையில் மறைத்தால் நட்டம் அவருக்குத்தான்.

6. போவதற்கு முன்பு அவரிடமே பேசுங்கள்.

எதற்காகப் போகிறோம், அங்கே என்ன கேட்பார்கள், நான் என்ன சொல்வேன் என்று நிதானமான ஒரு நேரத்தில் சொல்லிவிடுங்கள். "உன்னைப் பைத்தியம் என்று எழுதி வாங்கப் போகிறேன்" என்பதாக அவர் நினைத்துவிட்டால் பிறகு மாத்திரையும் நின்றுபோகும். அவர் எதிரில் சொல்லக் கூசுகிற விஷயம் இருந்தால், "டாக்டர், இரண்டு நிமிஷம் தனியாகப் பேசணும்" என்று கேளுங்கள். சான்று கொடுக்கும் முகாம் நாளன்று கூட்டமும் சத்தமும் அவரைக் கலவரப்படுத்தும். சாப்பாடு, தண்ணீர், மதிய மாத்திரை, துணைக்கு ஒருவர் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

7. படிவத்தில் சரியான கட்டத்தில் டிக் போடுகிறார்களா என்று பாருங்கள்.

யு.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இ-சேவை மையத்தில் செய்து கொடுப்பார்கள். அவசரத்தில் சிலர் மனநோய்க்குப் பதிலாக அறிவுசார் குறைபாடு என்ற வகையைத் தட்டிவிடுவார்கள். சட்டத்தில் இரண்டும் வேறு வேறு வகை, அளக்கும் முறையும் வேறு. தவறான வகையில் போன விண்ணப்பத்தைத் திருத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இதே குழப்பத்தில் "தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் பாதுகாவலர் சான்று வாங்குங்கள்" என்றும் யாராவது சொல்வார்கள். அந்த 1999-ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கானது. மனநோய் அதில் சேராது. அலைய வேண்டாம்.

8. எந்தப் பணம் எந்த ஆபீசில் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் வருவாய்த் துறை கொடுப்பது. இ-சேவை மையத்தில் பதிந்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரணை முடிந்து, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தாரிடம் போகும். நம் பக்கத்துக்குக் கண்டாச்சிபுரம் தாலுகா ஆபீசில் விசாரியுங்கள். 2023 ஜனவரியில் அது மாதம் 1,500 ரூபாயாக உயர்ந்தது. பராமரிப்பு உதவித்தொகை என்பது வேறு. அது மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக, கடும் பாதிப்பு உள்ளிட்ட சில வகையினருக்கு வருவது. அதன் தொகையும் வேறு. உங்கள் சான்றிதழைக் காட்டி, எதற்குத் தகுதி என்று அந்த அலுவலகத்திலேயே கேட்டுவிட்டு மனுவைப் போடுங்கள்.

எங்கே கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். "நான் முடிச்சுத் தரேன், ஆயிரம் கொடு" என்று வருகிறவனுக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

9. இல்லை என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

சான்று மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், கொடுக்க வேண்டும் என்பது விதி. விழுக்காடு குறைவு என்று தோன்றினால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். உதவித்தொகை மனு நகராமல் கிடந்தால் திங்கள்கிழமை விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒப்புகைச் சீட்டு நகலோடு மனு கொடுங்கள். வக்கீல் வேண்டுமென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது.

10. பணத்துக்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

தெளிந்துவிட்டால் சான்று போய்விடுமே என்று மருந்தைக் குறைக்கும் வீடுகள் உண்டு. மனதார வேண்டிக் கேட்கிறேன், அதைச் செய்யாதீர்கள். மாதாமாதம் வரும் உதவித்தொகைக்காக ஒரு மனிதரை நோயில் வைத்திருக்க முடியுமா? சில சான்றுகளில் காலாவதித் தேதி இருக்கும். அந்தத் தேதியைச் சுவரில் எழுதி வைத்து, முன்கூட்டியே புதுப்பிக்கப் போங்கள்.

அட்டை வெறும் உதவித்தொகைக்கு மட்டும் அல்ல. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் அவருக்கும் துணைக்குப் போகிறவருக்கும் கட்டணம் இல்லை. மாத ஊசிக்குப் போய்வரும் குடும்பத்துக்கு அது பெரிய காசு.

11. முடியவில்லை என்று கண்ட இடத்தில் கொண்டுபோய் விடாதீர்கள்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் எரிந்து செத்தார்கள். அது எங்கோ தெற்கே என்று நினைக்க வேண்டாம். 2023 பிப்ரவரியில் நம் மாவட்டத்துக் குண்டலப்புலியூரில், உரிய அனுமதி இல்லாமல் நடந்த ஓர் இல்லத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களை அதிகாரிகள் மீட்டார்கள். உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். எந்த டாக்டர் வருகிறார் என்று கேளுங்கள். நினைத்தபோது வந்து பார்க்க விட மாட்டோம் என்று சொல்லும் இடம் எதுவாக இருந்தாலும் ஆளோடு திரும்பி வந்துவிடுங்கள்.

12. உங்கள் உடம்பும் மனசும் இந்தக் கணக்கில் சேர்த்திதான்.

தூக்கம் இல்லாமல், யாரிடமும் பேசாமல், வருஷக்கணக்கில் தனியாகச் சுமந்தால் நீங்களும் விழுவீர்கள். மனநல உதவிக்கான 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், காசு கிடையாது. நோயாளிக்கு மட்டுமான எண் அல்ல அது, நீங்களும் உங்களுக்காகப் பேசலாம். அவர் கையை ஓங்குகிற நாளில் பிள்ளைகளோடு வெளியே வந்துவிடுங்கள். எந்த வீட்டுக்குப் போவது என்று முன்னமே பேசி வையுங்கள். நோய் என்பதற்காக அடி வாங்க வேண்டும் என்று எந்தச் சாமியும் சொல்லவில்லை. உயிரை விட்டுவிடுகிறேன் என்று அவர் சொன்னால் மிரட்டல் என்று தள்ளாமல் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

இதைப் படிக்கிற வீட்டில் நோட்டும் இல்லை, கவரும் இல்லை என்றால் இந்த வாரத்திலேயே இரண்டையும் வாங்கித் தொடங்குங்கள். அடுத்த முறை டாக்டர் "குளிக்கிறாரா?" என்று கேட்டால் நடந்ததை முழுசாகச் சொல்லுங்கள். உங்கள் தெருவில் இன்னொரு வீடு இதே கஷ்டத்தில் இருப்பது தெரிந்தால், அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போங்கள்.