காற்று மெத்தையும் ஓர் ஒட்டுத்துண்டும்



கண்ணுக்குப் புலப்படாத காற்றைத் தன்னுள் அடைத்து வைத்துக்கொண்டு, கண்ணுக்குப் புலப்படும் நம்மைத் தாங்குகின்ற பொருள்கள் பல. மிதிவண்டிச் சக்கரம் அவற்றுள் ஒன்று, பந்து மற்றொன்று, விருந்தினர் வரும்போது நாம் விரித்துக் கொடுக்கும் காற்று மெத்தை இன்னொன்று. ஊசி முனை அளவு துளை விழுந்தாலும் இவை பயனற்றுப் போகின்றன. அத்துளையை அடைப்பது எளிய வேலை என்றே நாமும் எண்ணியிருந்தோம். அவ்வாறு எண்ணியதால் நேர்ந்ததையும், அதிலிருந்து கற்ற பாடத்தையும் இங்கே கூற விழைகின்றோம்.

பாட்டி உறங்காத இரவு

ஒரு பள்ளி விடுமுறையின்போது எங்கள் பாட்டியார் பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தார். இளமை முதல் பால்மரம் சீவி உழைத்தவர் அவர். விடியுமுன் எழுந்து, மங்கு துடைத்து, மரத்துக்கு மரம் நடந்த கால்கள் இப்போது முழங்கால் வலியால் தளர்ந்திருந்தன. அவருக்காகக் கூடத்தில் காற்று மெத்தையை விரித்தோம்.

நள்ளிரவில் மெத்தையின் காற்று முழுவதும் இறங்கிவிட்டது. எங்களை எழுப்ப மனம் வராத பாட்டி, சுவரில் சாய்ந்தவாறே விடியும்வரை அமர்ந்திருந்தார். காலையில் அக்காட்சியைக் கண்ட எங்களுக்கு நாணம் மிகுந்தது.

உடனே மிதிவண்டி டியூபுக்கு இடும் சொலூஷனையும் ரப்பர்த் துண்டையும் எடுத்தோம். துளையைத் தேடிப் பிடித்து, கால் மணி நேரத்திற்குள் ஒட்டி, அப்போதே காற்றையும் நிரப்பினோம். "முடிந்தது" என்று மகிழ்ந்தோம். அன்றிரவும் மெத்தை இறங்கியது. ஒட்டிய துண்டு, உதிர்ந்த சருகுபோல் தரையில் கிடந்தது.

பாட்டி மெத்தையின் ஓரத்தை இரு விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்துப் பார்த்தார். இழுத்துவிட்டும் பார்த்தார். "இது பால்மரத்துச் சரக்கு இல்லை, ஐயா. இதுக்கு அந்தப் பசை பிடிக்காது" என்றார். பல்லாண்டு ரப்பரைத் தொட்ட கை அறிந்ததை, பள்ளியில் அறிவியல் பயின்ற நாங்கள் அறிந்திருக்கவில்லை.

இரு வேறு பொருள்கள்

ரப்பர் மரம் நம் நாட்டுக்குரியதன்று. அதன் தாயகம் தென் அமெரிக்காவிலுள்ள அமேசான் காடு. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்ஹம் என்பார் அங்கிருந்து விதைகளை இலண்டனிலுள்ள கியூ தாவரத் தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தடைந்தன. சில கோலகங்சாரிலும் நடப்பட்டன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைச் சிதைக்காமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். பச்சை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் அது உறுதி பெறும் என்பதை 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார்.

காற்று மெத்தைகளில் ரப்பர் பூசிய துணியால் ஆனவையும் உண்டு. ஆயினும் இன்று கடைகளில் கிடைப்பவற்றுள் பல, பி.வி.சி. என்னும் நெகிழியால் ஆனவை. தன் இயல்பில் இது விறைப்பானது. 1926இல் அமெரிக்காவில் வால்டோ செமன் என்பார் இதனை வளையும் பொருளாக மாற்ற வழி கண்டார். எண்ணெய் போன்ற ஒரு பொருளைச் சேர்ப்பதனாலேயே இஃது இளகி வளைகின்றது.

மிதிவண்டிச் சொலூஷன் ரப்பரோடு நன்கு இணையும். நெகிழியின் மீதோ அது வெறும் படலமாகவே நிற்கும். நெகிழியிலுள்ள எண்ணெய்ப் பொருளும் அதன் பிடிப்பைக் கெடுக்கும். நெகிழிக்கென விற்கப்படும் பசையில் உள்ள கரைப்பான், மெத்தையின் மேற்பரப்பையும் ஒட்டுத்துண்டின் மேற்பரப்பையும் சிறிதளவு கரைக்கின்றது. கரைப்பான் ஆவியாகி வெளியேறியதும் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து ஒரே உடலாகிவிடுகின்றன. ஆகவே, பழுது நீக்கும் முன் பொருள் இன்னதென அறிதல் முதற்கடமையாகும். பெட்டியிலும் மெத்தையின் ஓரத்திலும் அதன் பெயர் பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும்.

பழுது நீக்கும் முறை

1. முதலில் மெத்தையில் காற்றை நன்கு நிரப்புக. வால்வு இறுக மூடியுள்ளதா எனப் பார்க்க. பல வேளைகளில் குறை அங்கேயே இருக்கும்.

2. சவர்க்கார நீரைப் பஞ்சால் தொட்டு, தையல் ஓரம், மடிப்பு, அடிப்பக்கம் என முறையாகத் தடவுக. துளையுள்ள இடத்தில் நுரைக் குமிழிகள் எழும். ஈரக் கையை அருகில் கொண்டு சென்றாலும் காற்று குளிர்ச்சியாகப் படும். அவ்விடத்தைப் பேனாவால் வட்டமிடுக.

3. காற்றை முழுவதும் வெளியேற்றுக. துளையைச் சுற்றி நன்கு துடைத்து உலர்த்துக. எண்ணெய்ப் பசையைப் போக்க மருந்துக்கடையில் கிடைக்கும் ஆல்கஹால் உதவும். மேற்பரப்பில் வெல்வெட் போன்ற பஞ்சு இருப்பின், மணல்தாளால் மென்மையாகத் தேய்த்து அதனை நீக்குக. பஞ்சின் மேல் ஒட்டினால் துண்டு பஞ்சோடுதான் ஒட்டும், மெத்தையோடு ஒட்டாது.

4. துளையின் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்குமாறு ஒட்டுத்துண்டை வட்டமாக வெட்டுக. மூலை இருந்தால் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும்.

5. பசையின் மேல் எழுதியுள்ள குறிப்பைப் படித்து, அதன்படி மெல்லியதாகவும் சீராகவும் தடவுக. இதன் ஆவி தீங்கானது, தீப்பற்றவும் கூடியது. எனவே சன்னல்களைத் திறந்து வைத்து, அடுப்புக்குத் தொலைவில், பெரியவர் துணையுடன் மட்டுமே இதனைச் செய்தல் வேண்டும்.

6. துண்டை வைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்துக. சமதரையில் கிடத்தி, மேலே கனமான புத்தகங்களை அடுக்குக. குறிப்பில் கூறிய நேரம் முழுவதும் காத்திருக்க. ஓர் இரவு முழுதும் விட்டுவைத்தல் நலம்.

7. பின்னர் காற்றை நிரப்பி, மீண்டும் சவர்க்கார நீரால் சோதிக்க. குமிழி எழவில்லையெனில் பணி நிறைவுற்றது.

சில விளக்கங்கள்

ஒட்டுத்துண்டு பெரும் வலிமை உடையதாக இருத்தல் வேண்டுமோ என நீங்கள் வினவலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். துளையின் விட்டம் 2 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். மெத்தையினுள் அழுத்தம், வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட இருபதில் ஒரு பங்கு மிகுதியாக உள்ளது எனக் கொள்வோம். அத்துளையின் வழியே காற்று தள்ளும் விசை, ஏறத்தாழ ஒன்றரைக் கிராம் எடைக்கே சமம்! ஒட்டு தோற்பது பெரும்பாலும் காற்றின் வலிமையால் அன்று. அடியில் நாம் விட்டுவைத்த தூசியாலும், ஈரத்தாலும், அவசரத்தாலுமே தோற்கின்றது.

மற்றொன்றும் அறிக. காலையில் மெத்தை சற்றே தளர்ந்திருந்தால் துளை விழுந்துவிட்டதென முடிவு செய்தலாகாது. காற்று குளிர்ந்தால் சுருங்கும். மாலையில் 30 பாகை செல்சியசாக இருந்த காற்று விடியலில் 24 பாகையானால், அதன் கன அளவு நூற்றுக்கு இரண்டு பங்கு குறையும். புதிய நெகிழி மெத்தை முதல் சில நாள்களில் சிறிது விரிந்தும் கொடுக்கும்.

நாங்கள் கற்ற பாடம்

மூன்றாம் நாள் இரும்புச் சாமான் கடையில் ஏற்ற பசையை வாங்கி வந்து, மேற்கூறிய முறைப்படியே ஒட்டினோம். பாட்டி அருகில் நாற்காலியில் அமர்ந்து, "அவசரப்படாதே, ஐயா, காயட்டும்" என்று கூறிக்கொண்டேயிருந்தார். பதறாத காரியம் சிதறாது என்பதை அன்று உணர்ந்தோம்.

பசை காயும்வரை மெத்தையைப் பயன்படுத்த இயலாதன்றோ? ஆகவே அன்றிரவு எங்கள் கட்டிலைப் பாட்டிக்குக் கொடுத்துவிட்டு, நாங்கள் தரையில் பாய் விரித்துப் படுத்தோம். பாட்டி ஆழ்ந்து உறங்கினார். முழங்கால் வலியுடையவருக்கு முதல் நாளே கட்டிலைக் கொடுத்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தோன்றியது! மெத்தையின் துளையைத் தேடிய நாங்கள், எங்கள் கவனத்தில் இருந்த துளையைக் காணாது போனோம்.

மறுநாள் முதல் பாட்டி ஊர் திரும்பும்வரை அவர் கட்டிலிலும், நாங்கள் காற்று மெத்தையிலும் உறங்கினோம். அவ்வொட்டு இன்றுவரை உரியவில்லை.

மாணவச் செல்வங்களே! பழுதுற்ற பொருளை உடனே குப்பையில் எறியாதீர். அது எப்பொருளால் ஆனது என ஆராய்க, தூய்மை செய்க, பொறுமையோடு ஒட்டுக, சோதித்துப் பார்க்க. அப்பொருளின்மேல் உறங்கப்போகின்றவர் யார், அவருக்குத் தேவை யாது என்பதையும் ஒருகணம் எண்ணிப் பார்க்க. கை வேலையோடு கனிந்த உள்ளமும் சேருமாயின், நாம் நீக்கும் பழுது நிலைத்து நிற்கும்.