விடுமுறையில் வீட்டருகே இயற்கைப் பாடம்

பள்ளி விடுமுறை தொடங்கியதும் பெற்றோரிடம் ஒரு கவலையும் தொடங்கிவிடுகிறது. காலையில் நாம் வேலைக்காட்டுக்குச் சென்றுவிட்டால் பிள்ளைகள் பொழுதை எவ்வாறு கழிப்பார்கள்? “நாங்கள் அதிகம் படிக்காதவர்கள், எங்களால் என்ன சொல்லிக் கொடுக்க முடியும்?” என்று கேட்போரும் உளர். இக்கேள்விக்கு விடை நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. பட்டையைச் சீவும்போது உள்ளிருக்கும் மரத்தில் காயம் படாமல், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டு வெட்டத் தெரிந்த கைக்கு உரியவர் படிக்காதவர் ஆகார். அவர் அறிந்ததைப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்வதே அறிவியல் பாடத்தின் தொடக்கமாகும்.

மரத்திடம் கேட்போம்

பால்மரத்தை விடியற்காலையில் வெட்டுவது ஏன்? இக்கேள்வியைப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். இரவில் இலைகளிலிருந்து நீர் மிகக் குறைவாகவே ஆவியாகிறது. அதனால் பட்டையிலுள்ள பால் குழாய்கள் நீர் நிறைந்து விம்மி நிற்கின்றன. அவ்வேளையில் வெட்டினால் பால் நன்கு வடியும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழக்கின்றன. குழாய்களின் அழுத்தமும் குறைகிறது. வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து செல்வதற்கும் காரணம் உண்டு. பால் குழாய்கள் நேர்க்குத்தாக இல்லாமல் சற்றுச் சாய்ந்து செல்வதால், இவ்வாறு வெட்டும்போது அதிகமான குழாய்கள் திறக்கின்றன.

இம்மரத்தின் தாயகம் பிரேசில் நாட்டின் அமேசான் காடு என்பதையும் சொல்லலாம். 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்பவர் அங்கிருந்து சுமார் 70,000 விதைகளை இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டு சென்றார். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றுள் சில பேரா மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. நம் முன்னோர் தமிழகத்திலிருந்து கடல் கடந்து இங்கு வந்ததற்கும் இம்மரத்திற்கும் உள்ள தொடர்பை, பிள்ளைகள் இவ்விடத்தில் தாமே கேட்டறிய விரும்புவர்.

நம் நாட்டில் கோடை, குளிர் என்ற பருவங்கள் இல்லை. ஆயினும் பால்மரம் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இலைகளை உதிர்த்துவிடுகிறது. பின்னர்ச் செந்நிறத் தளிர்கள் தோன்றிப் பச்சையாக மாறுகின்றன, பூக்களும் மலர்கின்றன. ஏறத்தாழ ஐந்து மாதங்களில் காய்கள் முற்றுகின்றன. ஒரே மரத்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை பார்த்து, கண்டதைத் தேதியுடன் நோட்டுப் புத்தகத்தில் எழுதும் பிள்ளை ஆண்டு முடிவில் நல்லதொரு ஆய்வுக்குறிப்பை வைத்திருக்கும்.

விதையும் விளையாட்டும்

வெயில் நேரத்தில் காய்கள் ‘பட்’டென வெடிக்கும் ஓசையை நாம் நன்கறிவோம். ஒரு காயில் மூன்று அறைகள், அறைக்கு ஒரு விதை. காய்ந்த ஓடு முறுக்கிக்கொண்டு திடீரெனப் பிளப்பதால் விதைகள் பல மீட்டர் தூரம் வீசப்படுகின்றன. மற்ற மரங்களிலிருந்து விலகித் தனித்து நிற்கும் ஒரு மரத்தடியிலிருந்து விதை கிடக்கும் இடம்வரை பிள்ளைகள் காலடியால் அளந்து பார்க்கட்டும். விதையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துத் தோழனின் கையில் சுடவைப்பது அவர்களுக்குப் பழகிய விளையாட்டு. உராய்வால் வெப்பம் பிறக்கிறது என்னும் பாடம் அதில் அடங்கியிருக்கிறது.

புதிதாக விழுந்த விதையை ஈர மணலில் வைத்தால் ஒன்றிரண்டு வாரங்களில் முளை கிளம்பும். விழுந்து பல வாரங்கள் ஆன விதையையும் அருகில் வைத்து ஒப்பிடச் செய்யுங்கள். பால்மர விதை விரைவில் உயிர்ப்பை இழக்கும் என்பது அப்போது விளங்கும். ஒன்றை மட்டும் மறவாமல் எச்சரிக்க வேண்டும்: பச்சை விதையில் நச்சுப்பொருள் உண்டு; அதை எக்காரணம் கொண்டும் உண்ணலாகாது.

சிற்றுயிர்களும் செடிகளும்

வீட்டோரத்துத் தொட்டாற்சுருங்கியைத் தொட்டால் இலை மூடுகிறது. இலையடியிலுள்ள சிறு கணுவிலிருந்து நீர் விலகுவதே காரணம். மீண்டும் விரிய எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்க்கலாம். இளங்கன்றுக் காட்டில் படரும் மூடுபயிரின் வேரைத் தோண்டினால் சிறு முடிச்சுகள் தெரியும். அவற்றில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கித் தருகின்றன. நிலத்திற்கு மூடுபயிர் ஏன் இடப்படுகிறது என்பது இதனால் புரியும்.

முசுறு எனப்படும் சிவப்பெறும்பின் இலைக்கூட்டைச் சற்றுத் தள்ளி நின்றே பார்க்க வேண்டும். சில எறும்புகள் இலை விளிம்புகளை இழுத்துப் பிடிக்க, மற்றவை தம் புழுக்களை வாயில் கவ்வி, அவை சுரக்கும் இழையால் இலைகளை ஒட்டுகின்றன. ஒற்றுமைக்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ! ரப்பர் அழிந்து செம்பனை வந்துவிட்ட தோட்டங்களில், எலிகளைப் பிடித்து உண்ணும் கூகைகளுக்காகப் பெட்டிகள் வைக்கப்படுவதுண்டு. அத்தகைய பெட்டி இருப்பின் அதன் அடியில் உதிர்ந்து கிடக்கும் எலும்புகளும் ரோமமும் ஒரு பாடமே.

உயிர் காக்கும் பாடம்

கைவிடப்பட்ட மங்குகளிலும் பழைய டின்களிலும் தேங்கும் மழைநீரில் நெளியும் புழுக்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு என்னும் நான்கு நிலைகளும் ஏழு முதல் பத்து நாட்களுக்குள் முடிந்துவிடும். ஏடிஸ் கொசு டிங்கிக் காய்ச்சலைப் பரப்புகிறது. ஆகவே அப்புழுக்களைப் பாட்டிலில் வளர்த்து வேடிக்கை பார்க்கலாகாது. வீட்டில் கொசுப்புழு இருப்பது 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமுமாகும். பார்த்தவுடன் நீரைக் காய்ந்த தரையில் கொட்டிவிட்டு, பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏனெனில் இக்கொசுவின் முட்டைகள் பாத்திரச் சுவரில் ஒட்டியிருந்து, நீரின்றியும் பல மாதங்கள் உயிருடன் இருக்கும். வாரம் ஒருமுறை வீட்டைச் சுற்றி இவ்வேலையைச் செய்யும் பிள்ளை, தன் தம்பி தங்கையரின் உயிரைக் காக்கிறது.

பெரியவர் துணையின்றிப் பிள்ளைகள் காட்டிற்குள் செல்லலாகாது. காலணி அணிய வேண்டும். பாம்புகள் தங்கக்கூடிய இலைக்குவியலிலும் மரப்பொந்திலும் கைவிடக்கூடாது.

மாலையில் வேலை முடிந்து வந்தபின் அரைமணி நேரம் போதும். “இன்று என்ன கண்டாய்?” என்று கேளுங்கள். நமக்குத் தெரிந்ததைச் சொல்வோம். தெரியாததைப் பள்ளி திறந்ததும் ஆசிரியரிடம் கேட்டுவரச் சொல்வோம். நம் கை அறிந்த தொழிலின் பெருமையையும் நூல் தரும் அறிவையும் ஒருங்கே பெற்ற பிள்ளை எங்குச் சென்றாலும் தலைநிமிர்ந்து நிற்கும்.