பிடித்த பணமும் கேட்காத பணமும்

அப்பா அம்மாவின் பென்ஷன் விவரங்களைப் பிள்ளைகள் கேட்டறிவது பெரும்பாலும் பணம் நின்றுபோன பிறகு, அல்லது இருவரில் ஒருவர் மறைந்த பிறகு. அதற்குள் பல ஆண்டு வரித்தொகையும் நிலுவையும் கைநழுவிப் போயிருக்கும். சட்டம் மறுத்ததால் போன பணம் அதில் கொஞ்சம்தான். உரிமை இருந்தும் விண்ணப்பம் கொடுக்காததால் போனதே அதிகம். அப்படி விண்ணப்பிக்கவிடாமல் தடுக்கும் சில நம்பிக்கைகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். வரி பற்றிய எண்கள் 2025-26 நிதியாண்டுக்கு உரியவை.

நம்பிக்கை: வங்கி வரி பிடித்துவிட்டது, அது போனதுதான்.

பிடித்த வரி வேறு, கட்டவேண்டிய வரி வேறு. 68 வயது அப்பா ஒருவருக்கு மாதம் 45,000 ரூபாய் ஓய்வூதியம், ஃபிக்சட் டெபாசிட் வட்டி ஆண்டுக்கு 1,50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 6,90,000. புதிய வரி முறையில் நிலையான கழிவு 75,000 போக 6,15,000. பன்னிரண்டு லட்சம் வரை வரித் தள்ளுபடி உண்டு என்பதால் அவர் கட்டவேண்டியது ஒன்றுமில்லை. ஆனால் மூத்த குடிமக்களின் வட்டி ஒரு வங்கியில் ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால் வங்கி பத்து சதவீதம் பிடித்துவிடும். அந்த 15,000 ரூபாயும் அவருடைய பணம். தனக்கு வரி வராது என்று அறிவிக்கும் 15எச் படிவத்தை ஆண்டின் தொடக்கத்திலேயே வங்கியில் கொடுத்திருந்தால் பிடித்திருக்கவே மாட்டார்கள். கொடுக்கத் தவறினால் ரிட்டர்ன் தாக்கல் செய்துதான் திரும்பப் பெற வேண்டும். பான் எண் வங்கியில் பதிவாகவில்லை என்றால் பிடிப்பு இருபது சதவீதம்.

இதே அப்பா பழக்கம் காரணமாகப் பழைய முறையிலேயே தாக்கல் செய்தால், ஓய்வூதியத்தில் 50,000, வட்டியில் 50,000 கழித்தும் வருமானம் 5,90,000-இல் நிற்கும். செஸ் உட்பட 29,120 ரூபாய் வரி வரும். பெரிய மருத்துவக் காப்பீடோ வேறு கழிவுகளோ இருப்பவர்கள் இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

“வரி இல்லை என்றால் ரிட்டர்னும் வேண்டாம்” என்று இதற்கு ஒரு கிளை நம்பிக்கை உண்டு. தள்ளுபடியால்தான் வரி பூஜ்யமாகிறது. புதிய முறையில் வருமானம் நான்கு லட்சத்தைத் தாண்டினால் தாக்கல் செய்தே ஆகவேண்டும். பங்கு விற்ற லாபம், நிலம் விற்ற லாபம் போலத் தனி விகிதத்தில் வரி விதிக்கப்படும் வருமானத்துக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். கடந்த ஆண்டுகளில் தாக்கல் செய்யாமல் விட்ட ரீஃபண்டுக்கும் கதவு அடைபட்டுவிடவில்லை. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டி, அந்த மதிப்பீட்டு ஆண்டு முடிந்த ஐந்து ஆண்டுக்குள் மன்னிப்பு மனு கொடுக்கலாம். மனு ஏற்கப்பட்டால் பணம் வரும், வட்டி வராது.

நம்பிக்கை: 75 வயதுக்கு மேல் வரியே இல்லை.

தவறு. தாக்கலில் இருந்துதான் விலக்கு, அதுவும் நிபந்தனையோடு. ஓய்வூதியமும் வட்டியும் ஒரே வங்கியில் வந்து, வேறு வருமானம் எதுவும் இல்லாமல், அந்த வங்கியில் உறுதிமொழியும் கொடுத்திருக்க வேண்டும். அப்போது வங்கியே கணக்கிட்டு வரியைப் பிடித்துக்கொள்ளும்.

நம்பிக்கை: அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்தில் வங்கி வரி பிடிப்பதில்லை, ஆகவே அதற்கு வரி இல்லை.

அப்பாவின் ஓய்வூதியம் சட்டத்தின் பார்வையில் சம்பளம். அம்மாவுக்கு வருவது ‘இதர வருமானம்’. அதனால்தான் வங்கி அதில் பிடிப்பதில்லை. வரிக்கணக்கில் அது சேரவே செய்யும். 75,000 கழிவும் இதற்குப் பொருந்தாது. புதிய முறையில் தொகையில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, இதில் எது குறைவோ அதுதான் கழியும்.

நம்பிக்கை: அரசு ஓய்வூதியம், கூடவேண்டியது தானாகக் கூடும்.

அகவிலைப்படி தானாகக் கூடும். மற்றவை அப்படியல்ல. அதிக இழப்பு நேர்வது இங்கேதான் என்பது என் எண்ணம்.

மத்திய அரசிலும் தமிழ்நாடு அரசிலும் 80 வயது நிறைந்தவருக்கு அடிப்படை ஓய்வூதியத்தில் இருபது சதவீதம் கூடுதலாகக் கிடைக்க வேண்டும். குடும்ப ஓய்வூதியம் பெறும் அம்மாவுக்கும் இது உண்டு. அடிப்படை 20,000 என்றால் மாதம் 4,000 ரூபாயும் அதன்மேல் அகவிலைப்படியும். சிக்கல் பிறந்த தேதியில் இருக்கிறது. அப்பாவின் பிறந்த தேதி பணிப்பதிவேட்டில் இருக்கும். அம்மாவின் தேதி ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ. புத்தகத்தில் சில சமயம் எழுதப்படாமலே இருக்கும், அல்லது தோராயமான வயது மட்டும் இருக்கும். வயது தெரியாத ஆவணத்தை வைத்துக் கருவூலமோ வங்கியோ எதையும் கூட்டாது. பள்ளிச் சான்றிதழ், ஆதார், பான் அட்டை என்று எது இருக்கிறதோ அதைக் கொண்டு முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். எண்பதைத் தாண்டியவராக இருந்தால் நிலுவையையும் சேர்த்துக் கேளுங்கள்.

அடுத்தது கம்யூட்டேஷன். ஓய்வு பெறும்போது ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை ஒப்புக்கொடுத்து மொத்தமாகப் பணம் வாங்கியிருப்பார்கள். வீடு கட்டியதும் மகள் கல்யாணம் நடந்ததும் அந்தப் பணத்தில்தான். 15 ஆண்டுகள் கழிந்ததும் அந்தப் பிடித்தம் நின்று முழு ஓய்வூதியம் திரும்ப வேண்டும். எந்தத் தேதியில் பிடித்தம் தொடங்கியது என்பது பி.பி.ஓ.வில் இருக்கும். அதோடு பதினைந்தைக் கூட்டிப் பார்த்து, அந்த மாதத்துப் பாஸ்புக் வரவு உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இப்படிப் பல ஆண்டு நிலுவை ஒரே ஆண்டில் வந்து சேரும்போது வரி எகிறினால் அதற்கும் நிவாரணம் உண்டு. ரிட்டர்னுக்கு முன்பாக 10ஈ படிவத்தை இணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும்.

நம்பிக்கை: நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கத் தவறினால் பென்ஷன் போய்விடும்.

நிற்கும், போகாது. சான்றிதழ் சேர்ந்ததும் நின்ற மாதங்களுக்கும் சேர்த்து வரும். நவம்பர் எல்லோருக்கும் பொதுவான மாதமும் அல்ல. மத்திய அரசு ஓய்வூதியர்களில் எண்பது கடந்தவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். பி.எஃப். ஓய்வூதியர்கள் ஆண்டில் எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம், கொடுத்த நாளில் இருந்து ஓராண்டு செல்லும். தமிழ்நாடு அரசு ஓய்வூதியருக்கான நேர்காணலுக்குத் தனி அட்டவணை. கைரேகை தேய்ந்துபோனவர்களுக்கு ‘ஜீவன் பிரமாண்’ என்ற மின்னணு உயிர்வாழ் சான்றிதழ் முறையில் முகத்தைக் காட்டிப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. சிறு கட்டணத்துக்குத் தபால்காரரே வீட்டுக்கு வந்தும் செய்து தருகிறார். சான்றிதழைப் புதுப்பிக்கிறோம் என்று தொலைபேசியில் ஓ.டி.பி. கேட்பவர் மோசடிக்காரர். இதைப் பெற்றோருக்கு ஒருமுறைக்கு இருமுறை சொல்லி வையுங்கள்.

நம்பிக்கை: பத்து வருடம் தொடாத டெபாசிட்டை அரசு எடுத்துக்கொள்ளும்.

பத்தாண்டு கடந்த தொகையை வங்கிகள் ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்கு மாற்றிவிடுகின்றன. உரிமை மாறுவதில்லை. எப்போது கேட்டாலும் வங்கி கொடுத்தாக வேண்டும். எந்த வங்கியில் கிடக்கிறது என்று தேட, ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் ‘உத்கம்’ இணையதளத்தைத் தொடங்கியது. தேட மட்டுமே அது; பணம் கேட்பது கிளையில்தான்.

தேடும்போது நம் ஊர்ப் பெயர்களுக்கென்று ஒரு கவனம் வேண்டும். முப்பது வருடத்துக்கு முந்தைய பாஸ்புக்கில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் பின்னால் விரிந்திருக்கும். சுப்பிரமணியன் என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதியிருப்பார்கள். ஒரு எழுத்துக்கோவையில் கிடைக்கவில்லை என்று விட்டுவிடாமல் மற்றவற்றையும் போட்டுப் பாருங்கள். மாற்றலாகிப் போன ஊர்களின் பெயர்களை அப்பாவிடம் கேட்டு எழுதிக்கொள்வதும் உதவும், கணக்குகள் அந்த ஊர்க் கிளைகளில்தான் தங்கியிருக்கும்.

காப்பீட்டுத் தொகைக்குக் காலக்கெடு உண்டு. கோரப்படாமல் பத்தாண்டு கடந்தால் மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போகும். அங்கிருந்து 25 ஆண்டுகள் வரை பெறலாம், அதன்பின் அரசுக்கே சேர்ந்துவிடும். ஏழாண்டு வாங்காத டிவிடெண்டும் அதற்குரிய பங்குகளும் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போகும். அவற்றையும் விண்ணப்பித்து மீட்கலாம்.

நம்பிக்கை: நாமினி போட்டாகிவிட்டது, பணம் அவருக்குத்தான்.

வங்கி டெபாசிட்டில் நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, உரிமை சட்டப்படியான வாரிசுகளுக்கு. ஆயுள் காப்பீட்டில் 2015 திருத்தத்துக்குப் பிறகு நிலைமை வேறு: மனைவி, கணவர், பிள்ளைகள், பெற்றோர் நாமினியாக இருந்தால் தொகை அவர்களுக்கே உரியது. எப்படியானாலும் நாமினி பெயர் இருந்தால் நீதிமன்றச் சான்று கேட்டு வங்கி அலைக்கழிக்கக் கூடாது. காகிதங்கள் சரியாக இருந்தால் 15 நாளில் முடித்துத் தர வேண்டும். 2025 நவம்பரில் இருந்து ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம். அப்பாவின் பழைய கணக்குகளில் பாட்டியின் பெயரே இன்னும் நாமினியாக இருக்கக்கூடும். அடுத்த முறை வங்கிக்குப் போகும்போது கேட்டு மாற்றிவிடுங்கள்.