கடலில் ஒரு 'டக்' சத்தம்: படகுக்கு பேட்டரி தேர்வு செய்வது எப்படி?



ஒரு காட்சியைக் கற்பனை பண்ணிப் பாருங்க. அவுட்போர்டு எஞ்சின் பொருத்திய ஒரு ஃபைபர் படகு. கரையிலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி நங்கூரம் போட்டாச்சு. ராத்திரி முழுக்க விளக்கு, ஜி.பி.எஸ்., வயர்லெஸ் எல்லாம் ஓடுது. விடியற்காலையில் கிளம்பலாம்னு சாவியைத் திருப்பினால், 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான். ரோட்டில் கார் நின்றால் நாலு பேர் தள்ளிவிடுவாங்க. கடலில் யார் தள்ளுவது? சின்ன எஞ்சினைக் கயிறு இழுத்துக் கிளப்பிடலாம். பெரிய எஞ்சினில் அது நடக்காத காரியம்.

இப்படி ஆனால் எல்லாரும் பேட்டரியைத்தான் திட்டுவோம். ஆனால் பல சமயம் தப்பு பேட்டரி மேல் இல்லை. ஒரு வேலைக்காகச் செய்த பேட்டரியிடம் இன்னொரு வேலையை வாங்கியிருப்போம்.

இரண்டு வேலை, இரண்டு பேட்டரி

எஞ்சினைக் கிளப்ப நிறைய மின்னோட்டம் வேணும், ஆனால் சில நொடிகள்தான். உதாரணத்துக்கு 150 ஆம்பியர், 3 நொடி என்று வையுங்க. 150 × 3 ÷ 3600 = 0.125 ஆம்பியர்-மணி. ரொம்பக் குறைவு, இல்லையா? இதற்கான ஸ்டார்ட்டிங் பேட்டரியில் மெல்லிய ஈயத் தகடுகள் நிறைய இருக்கும். பரப்பளவு அதிகம் என்பதால் மின்னோட்டம் சட்டென்று பாயும். ஆனால் அடிக்கடி ஆழமாகக் காலி செய்தால் தகடுகள் சீக்கிரம் கெட்டுப்போகும்.

விளக்கும் ஜி.பி.எஸ்.ஸும் இதற்கு நேர் எதிர். கொஞ்ச மின்னோட்டம், பல மணி நேரம். இதற்குத் தடித்த தகடுகள் கொண்ட டீப் சைக்கிள் பேட்டரி வேணும். ஆக, ஸ்டார்ட்டிங்குக்கு ஒன்று, மற்ற சாதனங்களுக்கு ஒன்று என்று பிரித்து வைப்பதுதான் பாதுகாப்பு.

ஸ்டார்ட்டிங் பேட்டரி வாங்கும்போது ஒரு விஷயத்தில் ஏமாந்துடாதீங்க. சி.சி.ஏ. என்ற எண் மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் அளந்தது, எம்.சி.ஏ. 0 டிகிரியில் அளந்தது. அதே பேட்டரிக்கு எம்.சி.ஏ. எண் பெரிசாத் தெரியும். எஞ்சின் கையேடு எதைக் கேட்குதோ, அதையே ஒப்பிடுங்க.

எவ்வளவு பெரிசு?

நம்ம படகில் ஜி.பி.எஸ். 1 ஆம்பியர், வயர்லெஸ் 0.5, எல்.இ.டி. விளக்குகள் 1.5, மொத்தம் 3 ஆம்பியர். எட்டு மணி நேரத்துக்கு 24 ஆம்பியர்-மணி. 20 சதவீதம் உபரி சேர்த்தால் 28.8.

ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்யாமல் இருந்தால் ஆயுள் நீளும். எனவே 28.8 ÷ 0.5 = 57.6, அதாவது 60 ஆம்பியர்-மணி பேட்டரி. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் 80 சதவீதம் தாராளமாக எடுக்கலாம். 36 போதும், எடையும் குறைவு. ஆனால் அதை எஞ்சினோடு நேரடியாக இணைக்கும் முன் கையேட்டைப் பாருங்க. அதன் பாதுகாப்பு சர்க்யூட், எஞ்சின் ஓடும்போது திடீரென்று இணைப்பைத் துண்டித்தால், எழும் மின்னழுத்த எகிறல் ரெக்டிஃபையரைப் பொசுக்கிவிடலாம்.

எஞ்சின் ஓடினா தானா சார்ஜ் ஆகாதா?

ஆகும், ஆனால் முழுசா ஆகாது. 10 ஆம்பியர் தரும் ஆல்டர்னேட்டர்கூட அந்த அளவை வேகமாகச் சுற்றும்போதுதான் தரும். கரைக்குத் திரும்ப அரை மணி நேரம் என்றால் அதிகபட்சம் 5 ஆம்பியர்-மணி. நாம செலவழிச்சது 24! மிச்சத்தைக் கரையில் சார்ஜர்தான் நிரப்பணும்.

நல்ல சார்ஜர் மூன்று கட்டமாக வேலை செய்யும். முதலில் மின்னோட்டத்தை மாறாமல் வைத்து 14.4 வோல்ட் வரை ஏற்றும். அடுத்து மின்னழுத்தத்தை அங்கேயே நிறுத்தும். மின்னோட்டம் மெல்லக் குறையும். கடைசியாக 13.6 வோல்ட் அளவில் பராமரிக்கும். முதல் கட்டம் முடியும்போது பேட்டரி ஏறத்தாழ 80 சதவீதம்தான் நிறைந்திருக்கும். அவசரப்பட்டு அதோடு கழற்றினால், தகட்டில் மிஞ்சும் ஈய சல்பேட் நாளடைவில் கெட்டிப் படிகமாகிவிடும். கொள்ளளவு குறைவது இப்படித்தான்.

நம்ம 60 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 6 முதல் 12 ஆம்பியர் சார்ஜர் சரியாக இருக்கும். நம்ம ஊர் வெயிலையும் மறக்காதீங்க: 14.4 என்பது 25 டிகிரிக்கான கணக்கு. ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் செல்லுக்கு 3 மில்லிவோல்ட் வாக்கில் குறைக்கணும். 40 டிகிரியில், ஆறு செல்லுக்கும் சேர்த்து, சுமார் 14.1 வோல்ட்.

கடலுக்குப் போகும் முன்

பேட்டரியைச் சில மணி நேரம் சும்மா விட்டு மல்டிமீட்டரில் பாருங்க. 12.7 வோல்ட் என்றால் முழுசு, 12.2 என்றால் பாதிதான். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும், அதனால் காற்றோட்டமான இடம் அவசியம். முதலில் கிளிப்பை மாட்டி, பிறகு சார்ஜர் சுவிட்சைப் போடுங்க. எஞ்சின் ஓடும்போது பேட்டரி சுவிட்சை அணைக்கவே கூடாது.

சரி, உங்களுக்கு ஒரு கணக்கு. அதே படகில் 2 ஆம்பியர் பம்ப் ஒன்றை ஐந்து மணி நேரம் ஓட்டினால், எவ்வளவு பெரிய ஈய-அமில பேட்டரி வேணும்? போட்டுப் பாருங்க. 82-க்குப் பக்கத்தில் வந்தால், உங்களை நம்பிப் படகில் ஏறலாம்!