நான்கு அட்டைகளும் ஒரு கேள்வியும்

எட்டாம் வகுப்பில் நாட்டின் பாதுகாப்பு பற்றிய பாடம். முப்படைகள், துணை இராணுவப் படைகள் என்று கரும்பலகையில் பட்டியல் நீண்டது. கார்கில் போரைத் தொட்டதும் ஒரு மாணவி எழுந்தாள். "சார், அத்தனை பேர் மலையேறி வந்து உட்காரும்வரை யாருக்குமே தெரியாதா?"

"நாளைக்குச் சொல்றேன்மா" என்றேன். மறுநாளும் பதில் தெரியவில்லை.

அந்தக் கேள்விதான் 43 வயதில் என்னைத் தேசியப் பாதுகாப்பு குறித்த ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பில் சேர வைத்தது. பட்டதாரிகளுக்கான தொலைநிலைப் படிப்பு. விடைத்தாள் திருத்தி முடித்த இரவுகளில் என் ஒப்படைப்புகளை எழுதினேன்.

ஆயுதங்களைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்றே நினைத்திருந்தேன். ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் 1994 மனித மேம்பாட்டு அறிக்கை உணவு, உடல்நலம், சுற்றுச்சூழல் ஆகியவற்றையும் பாதுகாப்பில் சேர்த்திருப்பதை அங்கேதான் அறிந்தேன்.

மாணவியின் கேள்விக்கான விடையும் கிடைத்தது. போர் முடிந்ததும், 1999 ஜூலையில், கே. சுப்பிரமணியம் தலைமையில் கார்கில் ஆய்வுக்குழு அமைக்கப்பட்டது. அவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர். ஊடுருவல் பற்றிய தகவல்கள் துண்டு துண்டாகப் பல அமைப்புகளிடம் இருந்தன. அவற்றை ஒன்றுசேர்த்துப் பார்க்கும் ஏற்பாடு வலுவாக இல்லை என்று குழு சுட்டிக்காட்டியது. முப்படைகளின் உளவுத் தகவல்களை ஒருங்கிணைக்க, 2002இல் பாதுகாப்பு உளவு முகமை உருவானது.

இதை மறு ஆண்டு வகுப்பில் செயல்பாடாக்கினேன். நான்கு குழுக்கள், குழுவுக்கு ஓர் அட்டை.

1. பிப்ரவரியில் லாகூரில் இரு நாட்டுப் பிரதமர்களும் பிரகடனத்தில் கையெழுத்திட்டனர்.
2. மலையுச்சிக் காவல் நிலைகளைக் குளிர்காலத்தில் காலி செய்வது வழக்கம்.
3. ஸ்ரீநகர்–லே நெடுஞ்சாலை கார்கில் வழியே செல்கிறது.
4. மே மாதத் தொடக்கத்தில், ஆடு மேய்ப்பவர்கள் மலைமேல் அந்நியர்களைக் கண்டனர்.

முதல் ஐந்து நிமிடம் அட்டையைப் பிற குழுவுக்குக் காட்டக் கூடாது. "என்ன நடக்கிறது?" என்று கேட்டேன். முதல் குழு, "சமாதானம் வரப்போகுது" என்றது. நான்காம் குழு, "இது சின்ன விஷயம் சார்" என்றது. அட்டைகளைச் சேர்த்து வைத்ததும் வகுப்பே அமைதியானது. விடையை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த அமைதி எனக்கு வேறொன்றையும் நினைவூட்டியது. முந்தைய ஆண்டு, எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் படிப்பை நிறுத்தினான். அவன் திங்கட்கிழமைதோறும் வராதது வகுப்பாசிரியருக்குத் தெரியும். விளையாட்டில் சோர்ந்து போவது உடற்கல்வி ஆசிரியருக்குத் தெரியும். அப்பா படுத்த படுக்கை என்பது சத்துணவு அமைப்பாளருக்குத் தெரியும். பாடவேளையில் அவன் தூங்குவது எனக்குத் தெரியும். நால்வரும் ஒருநாள்கூடச் சேர்ந்து பேசவில்லை.

இப்போது மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, மாலையில் அரைமணி நேரம் அமர்கிறோம். ஒவ்வொருவரும் தாம் கவனித்த ஒரு சிறு செய்தியைச் சொல்ல வேண்டும். "இது சின்ன விஷயம்" என்று யாரும் தள்ளுவதில்லை.

உங்கள் பள்ளியிலும் தொடங்கிப் பாருங்கள்.