தலைவர்களை உருவாக்குவது யார் வேலை?

எமது பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு ஆள் தெரிவு செய்யும்போது பெரும்பாலும் முதலில் பார்ப்பது, யார் கூடுதலாகத் தருவார் என்பதைத்தான். தருபவரே தலைவராகிறார். அவர் இருக்கும்வரை வேலை நடக்கும். அவர் மவுத்தானதும் கணக்குப் புத்தகத்தைத் தேட வேண்டியிருக்கும். எமது கடைகளை நாம் இப்படியா நடத்துகிறோம்?

முன்னோர் வேறுவிதமாகச் செய்தார்கள். 1892இல் மருதானையில் ஸாஹிரா தொடங்கப்பட்டபோது, அறிஞர் சித்திலெப்பை சட்டத்தரணி, வாப்பிச்சி மரிக்கார் கொழும்பு நூதனசாலையைக் கட்டிய ஒப்பந்தகாரர். ஒருவர் திட்டம் தந்தார், மற்றவர் அதை நிறைவேற்றும் வழி தந்தார். பின்னர் 1921இல் டி.பி. ஜாயா அதிபரானார். 1948இல் அவருக்குப் பின் வந்த ஏ.எம்.ஏ. அஸீஸ், சிவில் சேவை உத்தியோகத்தையே விட்டுவிட்டு வந்தவர். இன்று அப்படி ஒரு பதவியை விட்டு வர எத்தனை பேர் இருக்கிறார்கள்? அதற்கு முன்பே, 1945இல், அவர் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கியிருந்தார். வசதியில்லாத பிள்ளைகளும் மேற்படிப்புக்குப் போக வேண்டும் என்பது அதன் நோக்கம்.

வர்த்தகர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது பேருவளை நளீம் ஹாஜியாரை. அவர் பெரிய படிப்புப் படித்தவரல்லர். மாணிக்கக் கல் வியாபாரத்தில் உழைத்து முன்னேறியவர். 1973இல் ஜாமிஆ நளீமிய்யாவை அமைத்தபோது செலவை அவர் ஏற்றார். பாடத்திட்டத்தையும் போதனையையும் கற்றவர்களிடம் விட்டார். கலாநிதி எம்.ஏ.எம். சுக்ரி நீண்டகாலம் அதன் பணிப்பாளராக இருந்தார். கல்லின் தரம் பார்க்கத் தெரிந்தவர் ஆளின் தரத்தையும் பார்த்திருக்கிறார்! ஹாஜியார் 2005இல் வபாத்தானார். ஜாமிஆ தொடர்ந்து நடக்கிறது.

பணம் கொடுத்தவருக்கு எல்லா விடயத்திலும் கடைசி வார்த்தை வேண்டும் என்ற நினைப்புத்தான் எம்மிடம் பெரிய தடை. மஷூரா என்று கூட்டிவிட்டு முடிவை முன்கூட்டியே சட்டைப்பையில் வைத்திருந்தால், விபரமுள்ள இளைஞன் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டான்.

முகத்துவாரத்தில் சிறு கடை வைத்திருப்பவரும் இதில் செய்யக்கூடியது உண்டு. கடைக்கு வரும் பையனுக்கு முதலில் சாமான் எடுத்துக் கொடுக்கப் பழக்குகிறோம், பிறகு கொள்முதல், கடைசியில் லாச்சித் திறப்பு. மஹல்லாவிலும் அதே வரிசைதான். அடுத்த வருடாந்தக் கூட்டத்தில் பொருளாளருக்கு உதவியாக முப்பது வயதுக்குட்பட்ட ஒருவரை நியமிக்கச் சொல்லுங்கள். வங்கிப் புத்தகத்தை அவரும் பார்க்கட்டும். மாதக் கணக்கை அவரே எழுதி, ஜும்ஆவுக்கு முன் அறிவித்தல் பலகையில் ஒட்டட்டும். யாராவது கேள்வி கேட்டால் பதிலையும் அவரே சொல்லட்டும், பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.